வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா

கருத்துக்கணிப்பின் நான்கு பதில்களையும் தொலைபேசியில் படிக்கும்போது வெர்லீன் குச்செரா இடது கையை மேசை விளிம்பில் வைத்துக்கொள்வார். "கருக்கலைப்பை எல்லாச் சூழ்நிலையிலும் சட்டம் அனுமதிக்க வேண்டும்" என்று படிக்கும்போது சுட்டுவிரல் அழுந்தும். "பெரும்பாலான சூழ்நிலைகளில் அனுமதிக்க வேண்டும்" என்பதற்கு நடுவிரல். "பெரும்பாலான சூழ்நிலைகளில் தடை செய்ய வேண்டும்" என்பதற்கு மோதிரவிரல். "எல்லாச் சூழ்நிலையிலும் தடை செய்ய வேண்டும்" என்பதற்குச் சுண்டுவிரல். நான்கு நகமும் ஒரே அளவுக்கு வெளுக்கும். சுண்டுவிரலுக்கு பலம் போதாது என்பதால் அதற்கு மட்டும் மணிக்கட்டைக் கொஞ்சம் சாய்ப்பார். சில பேருக்குக் கணினி பதில்களைத் தலைகீழாகக் கொடுக்கும். அப்போது சுண்டுவிரலில் தொடங்கி இந்தப் பக்கம் வருவார்.

எந்தப் பதிலிலும் குரல் ஏறவோ இறங்கவோ கூடாது. அதற்காகத்தான் இது. விரல் ஒரே மாதிரி அழுந்தினால் குரலும் ஒரே மாதிரி வரும் என்று அவர் நம்பினார். நான் இரண்டு வருடம் கேட்டிருக்கிறேன், ஒரே மாதிரிதான் வந்தது.

காது கொடுத்துக் கேட்பதுதான் என் வேலை. லிங்கன் நகரில் ஒரு பழைய மெத்தைக் கடை இருந்த கட்டடத்தில் எங்கள் ஆய்வு மையம். நாற்பது தடுப்புகள், நாற்பது தொலைபேசிகள். நெப்ராஸ்கா மாநிலம் முழுக்க யாரையாவது கூப்பிட்டு, எழுதிக் கொடுத்ததை எழுதிக் கொடுத்தபடி கேட்பார்கள். நான் பின்வரிசையில் உட்கார்ந்து, அவர்களுக்குத் தெரியாமல் ஏதாவது ஓர் இணைப்பில் நுழைந்து, இரண்டு பக்கமும் கேட்டு, ஒரு படிவத்தில் மதிப்பெண் போடுவேன். சொல் மாற்றிப் படித்தால் இரண்டு குறையும். "ஓ, அப்படியா" என்று சொன்னால் மூன்று குறையும். பதில் சொல்பவர் அழுதால் என்ன செய்ய வேண்டும் என்றும் விதி உண்டு. "தொடரலாமா, அல்லது வேறொரு சமயம் கூப்பிடட்டுமா?" இதைத் தவிர ஒன்றும் சொல்லக் கூடாது.

வெர்லீனுக்கு அறுபத்து மூன்று வயது. பத்தொன்பது வருடமாக அந்த நாற்காலி. அந்த அக்டோபர் வரை நான் போட்ட படிவங்களில் தொண்ணூற்றெட்டுக்குக் கீழே அவர் போனதில்லை.

அந்த இலையுதிர் காலத்தில் எங்கள் மாநிலத்தின் வாக்குச் சீட்டில் கருக்கலைப்பைப் பற்றியே இரண்டு அரசியல் சட்டத் திருத்தங்கள் இருந்தன. ஒன்றுக்கொன்று எதிரானவை. வீட்டு முன் புல்வெளி எங்கும் பிரசார அட்டைகள் குத்தியிருந்தார்கள். நாங்கள் கேட்ட கேள்விகள் இருபத்திரண்டு. முதல் நாளே தெரிந்தது, யாருக்கும் அந்த நான்கு பதிலுக்குள் உட்கார முடியவில்லை என்று.

பிராக்கன் போ என்ற ஊர்ப் பக்கமிருந்து ஒரு விவசாயி. பின்னால் ஏதோ எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

"நாலாவது. எல்லாத்துலயும் தடை. எழுதிக்கோ."

"தாயின் உயிருக்கு ஆபத்து இருக்கும்போது?"

"அது வேறம்மா. அதுக்காக அந்தப் பொம்பளைய சாக விடறதா?"

"கர்ப்பம் பலாத்காரத்தின் விளைவாக இருக்கும்போது?"

எஞ்சினை நிறுத்தினார். "அதும் வேற." பிறகு, "இப்ப நான் எந்த நம்பர்ல இருக்கேன்?"

"நீங்கள் சொன்னது நான்கு, ஐயா."

"அப்ப நாலாவே இருக்கட்டும்."

ஒமாஹாவில் ஒரு கல்லூரிப் பெண் முதல் பதிலைச் சொன்னாள், சிரித்துக்கொண்டே, அதில் என்ன சந்தேகம் என்பதுபோல. எத்தனையாவது வாரம் வரை என்ற கேள்வி வந்ததும் சிரிப்பு நின்றது. "இருபதுல அது எவ்ளோ பெருசு இருக்கும்?"

"அந்தத் தகவலைத் தர எனக்கு அனுமதி இல்லை, மேடம்."

"எங்க அக்காவுக்கு இப்ப இருபத்தொண்ணு. போன வாரம் என் கையைப் பிடிச்சு வச்சா. உதைச்சுது." பிறகு, "அடுத்ததக் கேளுங்க" என்றாள்.

ஒரு அம்மாள் இரண்டு திருத்தத்துக்கும் ஆமாம் போடப்போவதாகச் சொன்னார். ஒன்று மற்றதை அடித்துவிடும் என்று சொல்ல வெர்லீனுக்கு உரிமை இல்லை. ஆமாம், ஆமாம் என்று பதிந்தார்.

தினம் மூன்று பேராவது அவரிடம் திருப்பிக் கேட்பார்கள். "நீங்க என்னங்க நெனைக்கறீங்க?" சிலர் கோபமாக, சிலர் துணைக்கு. "இந்த ஆய்வில் உங்கள் கருத்துதான் முக்கியம்" என்பது விதிப்படியான பதில். அதைக் கேட்டுக் கேட்டு எனக்குத் தூக்கத்தில்கூட வரும்.

எங்கள் அறையிலேயே அந்தக் கேள்விக்கு விடை தெரியாது. அவர் பக்கத்துத் தடுப்பில் ஆரின் டெய்ட்ஸ் உட்காருவார். முப்பது வருடம் சோள விதை விற்றவர், ஓய்வு பெற்ற பின் வீட்டில் இருக்கப் பிடிக்காமல் இங்கே வந்தவர். அவர் மதிப்பெண் எண்பதைத் தாண்டாது. பதில் சொல்பவர்களோடு வானிலை பேசுவார்.

"ஏ வெர்லீன், பத்தொம்பது வருஷம் ஊரையே கேட்டுட்ட. நீ எத்தனாவது? ஒண்ணா, நாலா?"

"உன் கருத்துதான் முக்கியம், ஆரின்."

"பாத்தியா புலவரே, சாப்பாட்டு அறையிலகூட இந்த அம்மா டியூட்டியில இருக்கு."

என்னை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். என் பையில் எப்போதும் ஒரு கவிதைப் புத்தகம் கிடந்ததைப் பார்த்துவிட்டார்.

ஒரே ஒரு தடவை வெர்லீன் ஏதோ சொன்னார். அதுவும் கருத்து இல்லை. "எல்லாரும் யாரோ ஒருத்திய நெனச்சுக்கிட்டுத்தான் பதில் சொல்றாங்க. யாருன்னு மட்டும் சொல்ல மாட்டாங்க."

"நீ யாரை நெனச்சுக்குவே?" என்று ஆரின் கேட்டார்.

வெர்லீன் சினமன் ரோல் என்ற இனிப்பு ரொட்டியைப் பிய்த்து, சில்லி என்ற பீன்ஸ் குழம்பில் தோய்த்தார். மென்று விழுங்கினார். பிறகு, மழை அளவு சொல்வதுபோல, மகளைப் பற்றிச் சொன்னார்.

மகள் பெயர் கொரின். கியர்னியில் இருந்தாள். நான்கு வருடத்துக்கு முன்னால், நவம்பரில், அவளுக்கு இருபத்து மூன்றாவது வாரம். வெர்லீன் எட்டு மணி நேரம் பேசி முடித்து ஹெட்போனைக் கழற்றிய சமயம் கைப்பேசி அடித்தது. மருத்துவமனை வாசலில் காருக்குள் உட்கார்ந்துகொண்டு கொரின் பேசினாள். குழந்தைக்குச் சிறுநீரகம் இரண்டும் இல்லை. நுரையீரல் வளராது. இந்த மாநிலத்தில் கருவைக் கலைக்க அனுமதிக்கும் வாரம் தாண்டிவிட்டது, கொலராடோ போக வேண்டும், நாளைக்கே.

"நான் எல்லாத்தையும் கேட்டேன்" என்றார் வெர்லீன். "அவ நிறுத்தினா. நான் சொன்னேன், 'வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?'"

ஆரின் கரண்டியைக் கீழே வைத்தார்.

அது எங்கள் வாக்கியம். யாராவது ஏன் அப்படி நினைக்கிறார்கள் என்று சொல்லி முடித்ததும், எதைச் சொல்லியிருந்தாலும், ஏறாமல் இறங்காமல் நாங்கள் கேட்க வேண்டிய வாக்கியம். அன்று அவர் அதை நாற்பது தடவையாவது சொல்லியிருப்பார். நாற்பத்தொன்றாவது தானாக வந்திருக்கிறது.

"அவ என்ன சொன்னா?"

"இல்லைன்னா. வச்சுட்டா."

"திருப்பிக் கூப்பிட வேண்டியதுதானே, பைத்தியமே?"

"கூப்பிட்டேன். எடுக்கல. அப்புறம் நம்பர மாத்திட்டா. கிறிஸ்துமஸ் கார்டு திரும்பி வந்துடுச்சு, அந்த விலாசத்துல இல்லைன்னு. நான் அவளுக்கு எதிர்ப்போன்னு நெனச்சிருப்பா." ஒரு துண்டு ரோலை எடுத்தார். "எதிர்ப்பில்ல. ஆதரவுமில்ல. எனக்கு அப்போ ஒண்ணும் தோணல. ஒண்ணுமே. அதான் நடந்தது."

மணி அடித்தது. எல்லோரும் தடுப்புகளுக்குத் திரும்பினோம். அன்று மாலை நான் அவருடைய மூன்று அழைப்புகளைக் கேட்டேன். மூன்றும் நூற்றுக்கு நூறு.

அதற்குப் பிறகு அவருடைய அழைப்புகளைக் கேட்கும்போது எனக்கு வேறொன்றும் கேட்டது. யாராவது எடுத்து "ஹலோ" என்றதும், தன் பெயரைச் சொல்லுவதற்கு முன்னால், வெர்லீனிடம் அரை நொடி தாமதம் இருந்தது. பெண்குரல் என்றால் மட்டும். மாநிலத்தின் எல்லா எண்களும் எங்கள் கணினி வழியாக வரிசையில் போய்க்கொண்டிருந்தன. எந்த எண் யார் மேசைக்கு வரும் என்று யாருக்கும் தெரியாது. அந்த அரை நொடிக்கு மதிப்பெண் குறைக்க விதியில் இடம் இல்லை.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை. ஊரில் கால்பந்து ஆட்டம். காலையிலேயே தெருவெல்லாம் எங்கள் அணியின் சிவப்புச் சட்டை. ஆட்ட நாளில் யாரும் போன் எடுக்க மாட்டார்கள், ஆட்களும் பாதிதான் வருவார்கள். ஆரின் சிவப்புத் தொப்பியோடு வந்து, காதில் ஒரு பக்கம் ரேடியோ வைத்துக்கொண்டிருந்தார். நான் பார்க்காததுபோல இருந்தேன். பதினொரு மணிக்குக் கொஞ்சம் முன்னால் வெர்லீனின் இணைப்பில் நுழைந்தேன்.

"ஹலோ" என்றது ஒரு பெண்குரல்.

அரை நொடி. ஒரு நொடி. இரண்டு.

"வணக்கம். என் பெயர் வெர்லீன். லிங்கனிலுள்ள ஆய்வு மையத்திலிருந்து பேசுகிறேன்."

"வெர்லீனா?"

"ஆமாம், மேடம்."

"சரி. கேளுங்க."

அது கொரின். "ஹலோ"விலேயே வெர்லீனுக்குத் தெரிந்துவிட்டது. எனக்கு ஆறாவது கேள்விவரை தெரியாது. எத்தனை நிமிடம் ஆகும் என்று இந்தப் பெண் ஏன் கேட்கவில்லை, எல்லோரும் கேட்பார்களே என்று மட்டும் நினைத்தேன்.

தெரிந்தவர் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது முதல் நாள் பயிற்சியிலேயே சொல்லித் தருவது. பேட்டியை அங்கேயே நிறுத்த வேண்டும். 'அறிமுகமானவர்' என்ற விசையை அழுத்த வேண்டும். வேறொருவர் பிறகு கூப்பிடுவார். தெரிந்தவரிடம் யாரும் உள்ளபடி பதில் சொல்வதில்லை என்பது காரணம். விசை வலது மேல் மூலையில் இருக்கும். வெர்லீன் அதை அழுத்தவில்லை. அழுத்தியிருந்தால் அந்தக் குரல் போய்விடும். அந்த எண் திரையிலிருந்து மறைந்துவிடும்.

பின்வரிசையிலிருந்து அவர் முதுகு தெரிந்தது. விரல்கள் மேசையில் இருந்தன.

நான்கு பதில்களையும் படித்தார்.

"எதுவும் பொருந்தல" என்றாள் கொரின்.

"உங்கள் கருத்துக்கு மிக நெருக்கமாக இருப்பது எது, மேடம்?"

"ரெண்டாவது. பெரும்பாலான."

"எத்தனையாவது வாரம் வரை அனுமதிக்கலாம் என்று நினைக்கிறீர்கள்?"

"நம்பர் சொல்ல மாட்டேன்."

"எண் சொல்லாவிட்டால் 'தெரியாது' என்று பதிய வேண்டியிருக்கும்."

"எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன்னுதான் சொல்றேன். அதுக்கு ஒரு கட்டம் இருக்குமே?"

"இருக்கிறது. 'மறுத்தார்.'"

"அதப் போடுங்க."

ஆறாவது கேள்வி, ஏன் அப்படி நினைக்கிறீர்கள் என்பது. பதிலை அவர்கள் சொல்வதுபோலவே தட்டச்சு செய்ய வேண்டும், ஒரு சொல்லையும் மாற்றாமல்.

"நாலு வருஷம் முன்னாடி எனக்கு இருபத்துமூணாவது வாரம்" என்றாள் கொரின். "ஸ்கேன்ல சிறுநீரகம் ரெண்டும் இல்ல. உள்ள தண்ணியே இல்ல. நுரையீரல் வளராதுன்னாங்க. பொறந்தா மூச்சு எடுக்காதாம். இங்க பண்ண முடியாது, வாரம் தாண்டிடுச்சுன்னாங்க. டெஸ் கார் ஓட்டினா. டெஸ் என்னோட ஃபிரெண்ட். டென்வர் வரைக்கும் நான் பின்சீட்டுல படுத்துக்கிட்டே..."

"கொஞ்சம் மெதுவாகச் சொல்ல முடியுமா, மேடம்? தட்டச்சு செய்கிறேன்."

"பின்சீட்டுல படுத்துக்கிட்டே போனேன்."

"பின்சீட்டுல படுத்துக்கிட்டே" என்று வெர்லீன் வாய்க்குள் சொல்லித் தட்டினார். அப்போது எனக்குப் புரிந்தது. விதிப்படி நான் அந்த இணைப்பை வெட்டியிருக்க வேண்டும். என் கை படிவத்தின் மேல் இருந்தது. அங்கேயே இருந்தது.

"அங்க யாரும் என்னைத் திட்டல. யாரும் பாராட்டவும் இல்ல. ஒரு நர்ஸ் சாக்ஸ் கொடுத்தாங்க. அவ்ளோதான்."

தட்டச்சு நின்றது. அடுத்து என்ன வாக்கியம் என்று எனக்குத் தெரியும். வெர்லீனுக்கும் தெரியும். அதைச் சொல்லாவிட்டால் நான்கு மதிப்பெண் குறையும். அவர் சொல்லவில்லை. திரையில் நொடி ஓடிக்கொண்டிருந்தது. பதினான்கு நொடி. ஆரினின் ரேடியோவில் கூட்டம் கத்தியது.

"இப்ப நீங்க ஒண்ணு கேக்கணும் இல்ல?" என்றாள் கொரின்.

"கேட்க வேண்டும்."

"கேளுங்க."

"வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?"

"இருக்கு" என்றாள். "ஜூலெஸ்பர்க் தாண்டி பெட்ரோல் போட நிறுத்தினோம். கவுன்ட்டர்ல ஒரு அம்மா, எப்போ டெலிவரின்னு கேட்டாங்க. மார்ச்னு சொன்னேன். பொண்ணா பையனான்னாங்க. பொண்ணுன்னேன். தொட்டுப் பாக்கட்டுமான்னாங்க. சரின்னேன். கை ரொம்ப சூடா இருந்துச்சு. அப்பதான் காபி போட்டிருப்பாங்க போல. இத எங்க அம்மாகிட்ட சொல்லணும்னு இருந்தேன். வேற யாருக்கும் இது புரியாதுன்னு தோணுச்சு. சொல்லல."

வெர்லீன் முழுவதையும் தட்டினார். பதிவில் விசைகளின் சத்தம் மட்டும் இருக்கிறது. அது அவருடைய வழக்கமான வேகம்தான்.

"வேறு ஏதாவது?"

"இல்ல. அவ்ளோதான்."

மீதிக் கேள்விகள் போயின. வாக்களிக்கப் போகிறீர்களா, எந்தத் திருத்தத்துக்கு, எந்தத் தேவாலயத்துக்குப் போகிறீர்கள். கடைசிப் பக்கம் எல்லோரிடமும் கேட்பது.

"உங்கள் வீட்டில் பதினெட்டு வயதுக்குக் கீழ் எத்தனை பேர் இருக்கிறார்கள்?"

"ஒருத்தி."

விரல் விசைக்குப் போகவில்லை. பிறகு போனது. ஒன்று.

"அவருடைய வயது?"

"பதினாறு மாசம்."

மாதமாகச் சொன்னால் முடிந்த வருடத்தைப் பதிய வேண்டும். ஒன்று என்று மறுபடி அழுத்தினார். தனக்கு ஒரு பேத்தி இருக்கிறாள் என்பதை வெர்லீன் குச்செரா இருபத்தோராம் கேள்வியில் தெரிந்துகொண்டார்.

"உங்க முழங்கால் எப்படி இருக்கு?" என்று கொரின் கேட்டாள்.

"மாத்திட்டாங்க" என்றார். இரண்டு வருடத்தில் அவர் இணைப்பில் நான் கேட்ட முதல் பேச்சுவழக்குச் சொல் அது. "போன வருஷம். இப்ப படி ஏற முடியுது."

"நல்லது."

"நன்றி, மேடம்."

"என் பதில் கணக்குல வரும்ல?"

"எல்லோருடைய பதிலும் சேர்க்கப்படும். உங்கள் நேரத்துக்கு நன்றி."

இருபத்தாறு நிமிடம். இணைப்பு முடிந்ததும் கணினி அடுத்த எண்ணைக் கொடுத்தது. வெர்லீன் ஹெட்போனைக் கழற்றி, வயரைச் சுற்றி, கொக்கியில் மாட்டினார். எழுந்து, சூப்பர்வைசர் மார்கோ ஹின்ஸின் கண்ணாடி அறைக்குப் போனார். கதவு திறந்தே இருந்தது.

"இப்ப முடிச்ச பேட்டிய ரத்து பண்ணுங்க. அது என் பொண்ணு."

மார்கோ மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "எப்ப தெரிஞ்சுது?"

"ஹலோன்னதும்."

"இருபத்தாறு நிமிஷம் பேசியிருக்க, வெர்லீன்."

"ஆமா."

"ஏன்?"

"கேள்வி மீதி இருந்துச்சு."

மார்கோ என்னை உள்ளே கூப்பிட்டார். கேட்டேனா என்றார். கேட்டேன் என்றேன். படிவத்தைக் காட்டினேன். சொல் மாற்றவில்லை. கருத்துச் சொல்லவில்லை. பதினான்கு நொடி தாமதம் ஒன்று, விதிக்கு வெளியே பேச்சு ஒன்று. தொண்ணூற்றைந்து. கீழே, 'அறிமுகமானவர்' என்று எழுத ஒரு கட்டம் உண்டு. அதில் குறி போட்டேன். இணைப்பை வெட்டாததற்காக எனக்கும் ஓர் எச்சரிக்கைத் தாள் வந்தது.

எண்ணூற்று மூன்று பேட்டி எண்ணூற்று இரண்டு ஆனது. வெர்லீனைத் திங்கட்கிழமை வர வேண்டாம் என்றார்கள், பிறகு வரவே வேண்டாம் என்றார்கள். மையம் வாடிக்கையாளரிடம் விளக்கம் கொடுக்க வேண்டியிருந்தது. மார்கோ கெட்டவர் இல்லை. அன்று மதியம் அவரும் சாப்பிடவில்லை.

அன்று வண்டி நிறுத்துமிடத்தில் ஆரின் வெர்லீனைத் துரத்திக்கொண்டு வந்தார், பின்னால் நானும். தொப்பி கையில்.

"நம்பர எழுதிக்கிட்டியா?"

"இல்ல."

"ஏன்டி?"

"அது ஆய்வுக்குன்னு கொடுத்தது. எனக்குன்னு கொடுக்கல."

"அவ உன் பொண்ணு! முழங்கால் எப்படின்னு கேட்டிருக்கா, புலவர் சொன்னான். முழங்கால வேற எவ கேப்பா?"

"எனக்குக் கொடுக்கணும்னா அவளே கொடுத்திருப்பா. கடைசில கேட்டேன், வேறு ஏதாவதுன்னு. இல்லைன்னா."

ஆரின் என் பக்கம் திரும்பினார். "உன் திரையில இருக்கும்ல? சொல்லித் தொலை, பத்து இலக்கம்தானே."

நான் வாயைத் திறந்திருப்பேனோ என்னவோ.

"அவன் சொல்லக் கூடாது" என்றார் வெர்லீன். "சொன்னா அவன்மேல நானே புகார் எழுதிக் கொடுப்பேன். யார்கிட்டயும் உங்க நம்பர் போகாதுன்னு சொல்லித்தான் ஒவ்வொருத்தர்கிட்டயும் பேச ஆரம்பிக்கறோம். அவகிட்டயும் சொன்னேன்." காரில் ஏறி இருக்கைப் பட்டையைப் போட்டார். "என்னோட பிறந்தவ வாஹூ ஊர்ல இருக்கா. ரொம்ப நாளா கூப்பிடறா. போய்ப் பாக்கணும்."

"என்ன பண்றன்னு உனக்குத் தெரியுதா, வெர்லீன்?" ஆரின் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டார். "நீ ஒரு விசித்திரமான பொம்பள."

"சரி" என்றார் வெர்லீன்.

ஆட்டத்தில் எங்கள் அணி தோற்றது.

நவம்பரில் வாக்கெடுப்பு முடிந்தது. எங்கள் அறிக்கை அதற்கு முன்பே வந்துவிட்டது. ஒரு பேட்டியை நீக்கியதால் முழு எண்ணில் எந்த விழுக்காடும் மாறவில்லை. வெர்லீனின் நாற்காலியில் டிசம்பரில் ஒரு கல்லூரிப் பையன் வந்து உட்கார்ந்தான். நான்கு பதில்களையும் ஒரே மூச்சில் படிப்பான், எண்பத்தைந்து வாங்குவான். வாஹூவில் வெர்லீன் ஒரு துணிக்கடையில் துணி வெட்டிக் கொடுக்கிறார் என்று ஆரின் சொன்னார். கொரினிடமிருந்து ஏதாவது வந்ததா என்று ஆரின் ஒவ்வொரு ஞாயிறும் கூப்பிட்டுக் கேட்பாராம். இல்லை என்பாராம்.

ஆய்வு முடிந்து அறுபது நாளானதும் எல்லோருடைய தொலைபேசி எண்களையும் கோப்பிலிருந்து அழித்துவிட வேண்டும். ஜனவரியில் நான்தான் அழித்தேன். ஒரு நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து ஒரு விசையை அழுத்துவது. எண்ணூற்று மூன்று வரிசையிலும் அது போய்விட்டது, நீக்கப்பட்டதிலும்.

மார்ச்சில் அழைப்புக் குறிப்புகளைச் சரிபார்க்கச் சொன்னார்கள். ஓர் எண்ணை எத்தனை தடவை கூப்பிட்டோம், யார் கூப்பிட்டார்கள், என்ன ஆயிற்று என்று பேட்டி எடுப்பவர்கள் அவசரத்தில் கிறுக்கி வைப்பது. பேட்டி எடுக்கும்போது திரையில் இவை தெரியாது. நீக்கப்பட்ட அந்த ஒரு வரிசையையும் திறந்தேன்.

அந்த எண்ணை வெர்லீனுக்கு முன்னால் ஐந்து தடவை கூப்பிட்டிருந்தோம். ஐந்து தடவையும் கொரின் எடுத்திருக்கிறாள். ஐந்து தடவையும், கூப்பிட்டவர் தன் பெயரைச் சொன்னதும், இப்போது முடியாது, இன்னொரு நாள் கூப்பிடுங்கள் என்றிருக்கிறாள். நான்காவது குறிப்பு ஆரினுடையது. அதை எழுதியது அவருக்கே நினைவிருக்க வாய்ப்பில்லை. "என் பேரைக் கேட்டு ஏமாந்த மாதிரி இருந்தது. உங்க ஆபீஸ்ல வேற யாராவது கூப்பிடுவாங்களான்னு கேட்டாங்க. கூப்பிடுவோம்னு சொன்னேன். எடுக்கறேன்னு சொன்னாங்க."